கே. ஏ. குணசேகரன்: ஒரு மெட்டில் காதலும் கலகமும்

1970இல் தோற்றுவிக்கப்பட்டு, தென்சென்னையின் தரமணியில் இயங்கிவரும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர்களுள் கே. ஏ. குணசேகரன் தனித்து நிற்கிறார். ஏனெனில், நூலறிவால் மட்டுமன்றி, ஊர்த் திடல்களில் மக்கள் முன் நின்று பாடிய பாட்டாலும் அவர் பெயர் பெற்றவர். இன்றைய சிவகங்கை மாவட்டத்தின் இளையான்குடியை அடுத்த மாரந்தையில், 1955இல் தலித் குடும்பமொன்றில் பிறந்த அவர், நாட்டுப்புற அரங்கை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தார். ‘தன்னானே’ கலைக்குழுவைக் கட்டி எழுப்பினார். நாட்டுப்புறப் பாட்டில் மெட்டைத் தொடங்கித் தரும் அசைச்சொல்லே அக்குழுவுக்குப் பெயராயிற்று.

நாட்டுப்புறப் பாடல்களை ஏட்டில் தொகுப்போர் அவற்றைத் தாலாட்டு என்றும், வயலிலும் வழிநடையிலும் பாடப்படும் காதற்பாட்டாகிய தெம்மாங்கு என்றும், இறந்தவரை எண்ணிப் பெண்கள் அழுது பாடும் ஒப்பாரி என்றும் வகுத்து வைப்பது வழக்கம். பாடுவோரின் வாழ்வில் அந்த வேலிகள் கிடையா. நாற்று நடும் பெண் அத்தைமகனைப் பற்றிப் பாடத் தொடங்கி, அரைவயிற்றுக் கூலியைச் சொல்லி, மாரியம்மனிடம் முறையிட்டு, பண்ணையாரை ஏசி முடிப்பது ஒரே மூச்சில் நிகழக்கூடியது. குணசேகரன் இந்த இயல்பை மேடையிலும் சிதையாமல் காத்தார் என்பதே அவருடைய பெருஞ்சாதனை. வேடன் விரித்த வலையில் சிக்கிய ஆக்காட்டிப் பறவை தன் குஞ்சுகளை நினைத்துப் புலம்பும் பாட்டை அவர் பாடும்போது, கேட்போர் அதைத் தாயன்பின் பாட்டாகவும், நிலமும் கூலியுமின்றித் தவிப்போரின் பாட்டாகவும் ஒருங்கே உணர்ந்தனர்.

2005இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறான ‘வடு’, இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டுகிறது. பசியும் கூலிவேலையும் நிறைந்த சிறுவயதை விவரிக்கும் அந்நூலில், இளையான்குடி இசுலாமியர் தம்மிடம் உறவுமுறை சொல்லிப் பழகியதையும், சுற்றுப்புறச் சிற்றூர்களில் சாதியின் பெயரால் தாம் இழிவுபடுத்தப்பட்டதையும் அவர் அடுத்தடுத்து வைக்கிறார். சமயத்தைப் பற்றிய விவாதம் எதுவும் இதைவிடக் கூர்மையாக இருக்க முடியாது. சாமியை நம்புவதா மறுப்பதா என்ற கேள்விக்கு முன்பாக, சாமி கும்பிடும் மனிதர் பக்கத்து மனிதரை எப்படி நடத்துகிறார் என்ற கேள்வியை அந்நூல் நிறுத்துகிறது.

அவர் மேடைகளில் முழங்கிப் பரப்பிய ‘மனுசங்கடா’ என்ற பாடல், சாதிக் கொடுமையை எதிர்த்துக் கவிஞர் இன்குலாப் எழுதியது. சாகுல் அமீது என்னும் இயற்பெயருடைய இன்குலாப் 1944இல் கீழக்கரையில் பிறந்தவர். சென்னைப் புதுக்கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கியவர். தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூரைக் கடந்ததும் வரும் ஊரப்பாக்கத்தில் வாழ்ந்தவர். ஒருவர் இசுலாமியக் குடும்பத்திலும் மற்றவர் தலித் குடும்பத்திலும் பிறந்து, வானம் பார்த்த பூமியாகிய பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதை நினைக்கையில், சொல்லும் குரலும் அத்தனை இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை. தென்மாவட்ட இரயில்கள் நின்று செல்லும் தாம்பரத்தில் இறங்கி, பெருங்களத்தூரிலும் கூடுவாஞ்சேரியிலும் குடியேறிய எத்தனையோ குடும்பங்கள் அதே வறட்சியையும் அதே மெட்டுகளையும் உடன் கொண்டுவந்தவையே.

சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கப்பட்ட பறை, அதாவது தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதியேற்றிக் குச்சிகளால் முழக்கும் தப்பு, விடுதலைக் கருவியாக மேடையேறியதில் குணசேகரன் போன்றோரின் பங்கு பெரிது. பின்னாளில் திரைப்படப் பின்னணிப் பாடகியாகப் புகழ்பெற்ற சின்னப்பொண்ணு அவருடன் மேடைகளில் பாடி வளர்ந்தவர்.

குணசேகரன் 2016 சனவரியில் புதுச்சேரியில் காலமானார். இன்குலாப் அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மறைந்தார். இன்குலாபின் ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்கு 2017ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அறிவிக்கப்பட்டபோது, அரசு விருதுகளை நாடாமல் வாழ்ந்த கவிஞரின் நிலைப்பாட்டுக்கு அது ஒவ்வாது என்று கூறி அவருடைய குடும்பத்தினர் அதை ஏற்க மறுத்துவிட்டனர்.