எலும்பு கூடினால் போதுமா?

தோளில் அடிபட்டவரைப் பார்க்க வந்தவர்கள் அன்று கேட்டது ஒன்றைத்தான்: "எலும்பு கூடிருச்சா?" கூடியிருந்தால் வைத்தியர் கைராசிக்காரர். கை தலைக்கு மேல் போகவில்லை என்றால் அது வயசுக் கோளாறு. மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்த புத்தூர் கட்டானாலும் சரி, ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் சரி, அடிபட்ட இடத்தை வாரக்கணக்கில் அசைய விடாததே வைத்தியம். கட்டைப் பிரிக்கும்போது எலும்பு கூடியிருக்கும், தோள்மூட்டு இறுகியிருக்கும். கொண்டை போட முடியாது, ரவிக்கையில் கை நுழையாது, மேல் அலமாரி டப்பாவை எடுக்கப் பேரனைக் கூப்பிட வேண்டும்.

கூடாத கைகளும் இருந்தன. முழங்கையை மடக்கிக் கனமாக மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து தொங்கவிடும் முறை ஒன்று உண்டு. கட்டின் எடை எலும்பை நேராக இழுத்துப் பிடிக்கும் என்பது கணக்கு. மேற்கையின் நடுவில் முறிந்தவர்களுக்கு அது சரிவந்தது. தோளுக்கு அருகில் முறிந்தவர்களுக்கோ, எடை கீழ்த்துண்டை விலக்கியது. மார்புத்தசை அதை உள்பக்கம் இழுத்தது. இடைவெளியில் எலும்புக்குப் பதில் நார் வளர்ந்தது. கையைத் தூக்கப்போனால் மூட்டு அசையாமல் முறிந்த இடமே அசைந்தது.

ஏன் சிலருக்கு மட்டும் இப்படி ஆகிறது? முதல் துப்பு பாஸ்டனிலிருந்து வந்தது. தோள் பக்கத்து எலும்பு கண்டபடி உடைவதில்லை, பெரும்பாலும் நான்கு துண்டுகளாகத்தான் பிரிகிறது என்று 1934இல் வெளியான தன் நூலில் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் காட்டினார். 1970இல் நியூயார்க் மருத்துவர் சார்லஸ் நீர் அதற்கு அளவு வைத்தார்: ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகினாலோ, 45 டிகிரிக்கு மேல் திரும்பினாலோதான் அது தனித்துண்டு. துண்டுகளை எண்ணுவதற்குப் பின்னால் இருப்பது இரத்த ஓட்டம். பந்து போன்ற மேல்நுனிக்கு இரத்தம் சுற்றியுள்ள துண்டுகளின் வழியாகவே போகிறது. அவை பிரியப் பிரிய மேல்நுனி பட்டினி கிடக்கிறது. எலும்பு கூடிய பிறகும்கூட அது செத்து அமுங்கலாம்.

2000க்குப் பிறகு திருகாணிகள் பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் புதுவகை பிளேட்டுகள் பரவின. தேய்ந்த எலும்பையும் இவை பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் ஆபரேஷன்கள் பெருகின. ஆனால் மேல்நுனி அமுங்கிய சிலருக்குத் திருகாணியின் முனை மூட்டுக்குள் நீட்டி, பந்து பொருந்தும் கிண்ணத்தைச் சுரண்டியது, மறுபடியும் ஆபரேஷன். பிரிட்டனில் இப்படித் தோள் முறிந்த 250 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆபரேஷனும் மறு பிரிவுக்குக் கைத்தொட்டிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி, இரண்டு ஆண்டுக்குப் பிறகு இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

ஆகவே இன்றும் பலருக்குக் கைத்தொட்டில்தான். ஆனால் அதற்குள் கையை முடக்கி வைப்பதில்லை. முறிவு நிலையாக இருந்தால் ஓரிரு வாரத்திலேயே பயிற்சி தொடங்கிவிடுகிறது. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பின் அசைவிலேயே அதைச் சின்ன வட்டமாகச் சுற்றவிட வேண்டும். இதுவும் காட்மன் பெயரால் வழங்கும் பயிற்சிதான். முழங்கை வரை இறங்கியிருக்கும் கருநீல இரத்தக்கட்டைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள், பிசியோதெரபிஸ்ட் பதறமாட்டார்.

யாருக்குக் கூடாது என்பதை முன்கூட்டியே ஊகிக்கவும் இப்போது வழி இருக்கிறது. எடின்பரோவில் 2004இல் வந்த ஆய்வு, ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கே எலும்பு கூடவில்லை என்றது. அதே ஊரில் 2021இல் வந்த ஆய்வு, ஆபரேஷன் செய்யாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பத்தில் ஒருவர் என்றது. இரண்டும் ஒரே மாதிரி நோயாளிகளை எண்ணியவை அல்ல. ஆனால் பின்னது மூன்று அபாயக் குறிகளைச் சொன்னது: மேல்நுனி சாய்ந்த கோணம், துண்டுகள் விலகிய அளவு, புகைப்பழக்கம். முதலிரண்டும் எக்ஸ்ரேயில் தெரியும். மூன்றாவதை நோயாளியே சொன்னால்தான் உண்டு.

கூடாமல் போனவர்களுக்கும் இன்று வழி உண்டு. எலும்பு திடமாக இருந்தால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்து பிளேட் போடுகிறார்கள். மேல்நுனி முட்டை ஓடுபோல் உள்ளீடற்றுப் போன முதியவருக்கு மூட்டையே மாற்றுகிறார்கள். பிரான்ஸ் மருத்துவர் பால் கிராமோன் 1985இல் வடிவமைத்த மூட்டில் பந்து இருந்த இடத்தில் கிண்ணமும், கிண்ணம் இருந்த இடத்தில் பந்தும் வரும். தோளின் மேல்தசை கையைத் தூக்கிவிடும்.

இத்தனை மாறியும் ஒரு கேள்வி பல வீடுகளில் எழுவதேயில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்ததற்கே அறுபது வயது அம்மாவின் தோள் முறிகிறதென்றால், அந்த எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கும்? எலும்பின் அடர்த்தியை அளக்க ஸ்கேன் இருக்கிறது, தேய்மானத்துக்கு மருந்து இருக்கிறது. கை சரியானதும் ஃபைலை மூடிவிட்டால், அடுத்த வழுக்கலில் முறிவது இடுப்பாக இருக்கலாம்.