சாரலில் நனையும் போன்: தென்காசி வீட்டுக்கு எது தோது?

ஆனி பிறந்து, மேற்கே மலைமேல் மேகம் கவிழ்ந்தால் குற்றாலத்துக்கு மட்டுமல்ல, தென்காசி வட்டாரத்துச் செல்போன் ரிப்பேர் கடைகளுக்கும் சீசன்தான். அருவிக்கரையில் செல்ஃபி எடுத்தது, ஈரத் துண்டோடு சேர்த்துப் பைக்குள் திணித்தது, சாரலில் பைக் ஓட்டிக்கொண்டே வழி பார்த்தது என்று ஆளுக்கொரு கதையோடு வருவார்கள். அதனால் இங்கே புதுப் போன் வாங்க வருபவர்கள் கேமராவுக்கு அடுத்தபடி கேட்கும் கேள்வி, “இதுக்குள்ள தண்ணி போகாதுல்லா அண்ணாச்சி?” என்பதுதான். “ஐபி இருக்கு, ஒண்ணும் செய்யாது” என்று பதில் வரும். அது பாதி உண்மை.

பெட்டியில் ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது இலக்கம் 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். சாரலுக்கு இது போதும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதற்கும் மேல், எவ்வளவு ஆழம் என்று தயாரிப்பாளரே சொல்ல வேண்டும். இதுவரை சரி. பலரும் கவனிக்காதது, 7-உம் 8-உம் தேங்கி நிற்கும் தண்ணீரில் போனைப் போட்டுப் பார்க்கும் சோதனைகள் என்பதுதான். அருவி தேங்கி நிற்பதில்லை. குற்றாலத்தில் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருவதால்தான் நம்மால் அதன் அடியில் தலை கொடுக்கவே முடிகிறது. தணிந்த வேகமே தோளில் அறைகிறது என்றால் போனின் ஸ்பீக்கர் துளைக்குக் கேட்கவா வேண்டும்?

பீய்ச்சியடிக்கும் தண்ணீருக்குத் தனிச் சோதனை உண்டு. அதுதான் 6. நிமிடத்துக்கு 100 லிட்டர் வீதம் குழாயால் அடித்துப் பார்ப்பார்கள். 9 என்பது 80 டிகிரி வெந்நீரை உயர் அழுத்தத்தில் அடிக்கும் சோதனை. 8 தேறிய போன் 6-லும் தேறியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டும் வேறு வேறு பரீட்சை. ஐபி68 என்று மட்டும் போட்டிருக்கும் ஐபோன் விலையில் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், அருவி மாதிரியான தண்ணீருக்கு அது சான்று வாங்கவில்லை. குற்றாலத்துக்கென்றே போன் பார்ப்பவர் 66, 68, 69 என்று சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று தேட வேண்டும். 2024 ஜூனில் ஒப்போ எஃப்27 புரோ பிளஸ் இந்த மூன்றோடும் இந்தியாவுக்கு வந்தபோது விலை 27,999 ரூபாய். அதே ஆண்டு டிசம்பரில் ரியல்மி 14எக்ஸ் 14,999 ரூபாய்க்கு ஐபி69 கொடுத்தது. ஆறு மாதத்தில் ஏறக்குறைய பாதி விலை. தண்ணீர்த் தாங்குதிறன் பணக்கார வீட்டுச் சங்கதியாக இருந்த காலம் மலையேறிவிட்டது.

ஆனாலும் மூன்று எச்சரிக்கைகள். சோதனைகள் எல்லாம் ஆய்வகத்தில், நல்ல தண்ணீரில், புதுப் போனில் நடப்பவை. எண்ணெய் தேய்த்த கையும் சோப்பு நுரையும் அந்தக் கணக்கில் இல்லை. ஒருமுறை கண்ணாடி உடைந்து வெளிக்கடையில் டிஸ்பிளே மாற்றினால், ஓரத்தில் இருந்த பசை அடைப்பு போய்விடும்; அதன் பிறகு பெட்டியில் அச்சிட்ட ஐபிக்கு அர்த்தமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐபி68 போட்டு விற்கும் நிறுவனங்களே பெரும்பாலும் தண்ணீரால் வந்த பழுதுக்கு வாரண்டி தருவதில்லை. விளம்பரத்தில் நீச்சல் குளம், வாரண்டி அட்டையில் கைவிரிப்பு. நனைந்த போனை அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தையும் விட்டுவிடலாம். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் 2024-லேயே சொல்லிவிட்டது. சார்ஜர் போடும் துளை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஈரம் காயும்வரை சார்ஜரைச் செருகக் கூடாது.

சரி, தண்ணீரை மட்டும் பார்த்து வாங்கிவிடலாமா? மேலே சொன்ன ரியல்மியையே சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜியோடு வைத்துப் பார்ப்போம். ஏ16, 2024 அக்டோபரில் 18,999 ரூபாய்க்கு வந்தது. அதற்கு ஐபி54 மட்டும்தான், அதாவது சாரல் தாங்கும், அருவி தாங்காது. பேட்டரி 5,000 எம்ஏஎச்; ரியல்மியில் 6,000. ரியல்மி பெட்டிக்குள் 45 வாட் சார்ஜர் உண்டு. சாம்சங்கில் தனியாக வாங்க வேண்டும். இவ்வளவையும் கேட்டால் யாரும் ரியல்மி பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் ஏ16-இன் திரை அமோலெட், எழுத்து கூர்மையாகத் தெரியும். ரியல்மியில் அதைவிடக் குறைந்த துல்லியமுள்ள எல்சிடி. அதைவிடப் பெரிய விஷயம், ஏ16-க்கு ஆறு ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் தருவதாக சாம்சங் உறுதி சொல்லியிருக்கிறது. அவ்வளவு நீண்ட உறுதி ரியல்மிக்கு இல்லை.

அப்டேட் என்றால் ஐகானின் நிறம் மாறும் சமாசாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. திருடன் நுழையும் ஓட்டைகளை அடைப்பதுதான் அதன் முக்கிய வேலை. அது நின்ற போன் உடனே ஓடாமல் போகாது. ஆனால் வங்கிச் செயலியும் யுபிஐயும் இருக்கும் போனுக்கு அது பூட்டில்லாத வீடு. சில ஆண்டு கழித்து ஒவ்வொரு செயலியாகக் கைவிடும். 2025 ஜனவரி முதல் ஆண்ட்ராய்டு 4.4 போன்களிலும், மே மாதம் முதல் ஐபோன் 6 வரையிலான பழைய ஐபோன்களிலும் வாட்ஸ்அப் நின்றுபோனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரில் அப்படிக் கட்டாயமில்லை. கடையில் கேட்டு வாங்க வேண்டியது நம் பொறுப்பு. என் கணக்கில் குடும்பத்துக்குப் போன் பார்க்கும்போது முதல் கேள்வி எத்தனை ஆண்டு அப்டேட் என்பது, அடுத்தது ஐபி, கேமரா அதற்கும் பிறகு. விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். 19,000 ரூபாய் போன் ஆறு ஆண்டு ஓடினால் ஆண்டுக்கு சுமார் 3,200. 15,000 ரூபாய் போனை மூன்று ஆண்டில் மாற்றினால் ஆண்டுக்கு 5,000.

இந்தக் கணக்கு ஆச்சி விஷயத்தில் இன்னும் முக்கியம். நம் வீடுகளில் போனுக்கு ஒரு வரிசை இருக்கிறது. புதுசு பேரனுக்கு, பேரனுடையது அப்பாவுக்கு, அப்பா கழித்துப் போட்டது ஆச்சிக்கு. ஆச்சி கைக்கு வரும்போது அதற்கு அப்டேட் நின்று வெகுநாள் ஆகியிருக்கும். “சிபிஐயிலிருந்து பேசுகிறோம், உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டும் மோசடிக்காரன் தேடுவதும் வயதானவர்களைத்தான். வீட்டிலேயே ஓட்டையான போன் வீட்டிலேயே எளிதில் மிரளும் ஆளிடம் போய்ச் சேருகிறது. ஆச்சி பேச மட்டும்தான் செய்வார் என்றால் பழைய ஸ்மார்ட்போனைவிட 4ஜி பட்டன் போன் எவ்வளவோ மேல். ஜியோபாரத் 2023-இல் 999 ரூபாய்க்கு வந்தது, யுபிஐயும் உண்டு. வீடியோவில் பேரன் முகம் பார்க்க வேண்டும் என்றால் விலை குறைந்ததானாலும் புதிதாக வாங்குங்கள். எழுத்தைப் பெரிதாக்கி, தமிழில் மைக் தட்டிப் பேசிச் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுங்கள். கூகுளில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017-லேயே வந்துவிட்டது. மோசடி நடந்தால் கூப்பிட வேண்டிய 1930 என்ற எண்ணை முகப்பிலேயே வைத்துவிடுங்கள்.

ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பக்கத்து வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பீடி சுற்றும் அம்மாக்களின் கையைப் பார்த்தால் தெரியும்: இலையை வெட்டி, உருட்டி, முனை மடித்தே விரல் நுனி தேய்ந்திருக்கும், ரேகைப் பள்ளங்களில் புகையிலைத் தூள் படிந்திருக்கும். கைரேகை சென்சார் நாலு தடவை வைத்தாலும் திறக்காது. உடனே முகத்தைக் காட்டித் திறக்கும் வசதிக்கு மாறிவிடுவார்கள். விலை குறைந்த போன்களில் அது வெறும் கேமராப் படத்தை ஒப்பிடுவதுதான், பணம் இருக்கும் போனுக்கு அது காவல் ஆகாது. ஆறு இலக்க பின் நம்பர் போதும். ரேகைதான் வேண்டும் என்றால் அதிகம் தேயாத இடக்கை விரலை, ஒரே விரலையே இரண்டு தடவை பதிவு செய்தால் ஓரளவு பிடிக்கும். வாங்குமுன் கடையில் அம்மாவின் விரலை வைத்துப் பாருங்கள், மகனுடையதை அல்ல. வாரக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் வந்ததைச் சொல்லும் எஸ்எம்எஸ் அவர் பெயரிலுள்ள எண்ணுக்கு, அவர் கையிலுள்ள போனுக்கு வருவதும் ஒரு வசதிதான். வீட்டுக்கு ஒரே போன் என்று பையன் பாக்கெட்டில் சுற்றினால் அது நடக்காது.

சிக்னல் விஷயத்தில் மலையடிவாரத்துக்காரர்கள் 5ஜி என்ற எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும்போது கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், மரத்தையும் சுவரையும் துளைக்கும்; 3,500 பக்கமுள்ள வேகமான அலை மலை முகட்டில் முட்டி நின்றுவிடும். ஜியோவின் 5ஜிக்கு இந்த 700 உண்டு, பிஎஸ்என்எல் 2025-இல் விரித்த சுதேசி 4ஜிக்கும் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் அலைவரிசைப் பட்டியலில் 28 என்ற எண் 4ஜி, 5ஜி இரண்டிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் அதை விட்டிருப்பார்கள். டவுனுக்குள்ளேயே இருப்பவர்கள் இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கேமராவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 108, 50 என்ற மெகாபிக்சல் எண்ணைவிட, ஓஐஎஸ் என்ற ஆட்டம் தாங்கும் வசதி இருந்தால் ராத்திரிக் கொடைவிழாப் படம் கலங்காமல் வரும். பின்னால் நாலு கண் இருந்தாலும் அதில் இரண்டு 2 மெகாபிக்சலாக இருந்தால் அவை அலங்காரத்துக்கு. ரேமிலும் ஒரு வேடிக்கை நடக்கிறது. “8+8, மொத்தம் 16 ஜிபி” என்பார்கள். பின்னால் வரும் எட்டு, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியது. வேகத்தில் அசல் ரேமுக்கு அருகில் வராது. அசல் 6 இருந்தால் வீட்டுக்குப் போதும். சேமிப்பகம் 128-க்குக் குறைய வேண்டாம். குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களே 64-ஐ நிரப்பிவிடும். வாட்ஸ்அப்பானாலும், மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவின் அரட்டை செயலியானாலும் தானாக இறக்கிக்கொள்ளும் வசதியை அணைத்து வைப்பது நல்லது. 2025 கடைசியிலிருந்து நினைவகச் சிப்பு விலை உலகம் முழுவதும் ஏறியிருப்பதால், பழைய விலையில் அதே ரேம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

கடையநல்லூர், தென்காசி வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து வரும் போன்கள் தனிக் கதை. எமிரேட்சில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் இங்குள்ள அம்மா போனில் போட்டிம் போன்ற செயலி ஓட வேண்டும். பழைய போனில் அது திணறும். மச்சான் துபாயிலிருந்து வாங்கி வரும் ஐபோன் 17-இல் சிம் போடும் இடமே கிடையாது. எமிரேட்ஸ், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் எல்லாவற்றிலும் அந்த மாடல் இ-சிம் மட்டும்தான். ஆப்பிளை விட்டால் மற்ற நிறுவனங்கள் பலவற்றில் அங்கு வாங்கியதற்கு இங்கே வாரண்டி செல்லாது. அங்கே விலை குறைவு என்று சொல்லிவிடுமுன் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பழைய போன் வாங்குபவர்கள் காசு கொடுக்குமுன் அந்தப் போனில் *#06# அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து ஓர் இடைவெளி விட்டு எழுதி, 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சீசன் கூட்டத்தில் தொலைந்து, உரிமையாளர் புகார் கொடுத்து முடக்கிய போனாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் 2023 மே மாதம் முதல் இப்படிச் சரிபார்க்கும் வசதி உள்ளது. உங்கள் போன் அருவிக்கரையில் காணாமல் போனாலும் போலீசில் புகார் கொடுத்துவிட்டு அதே தளத்தில் முடக்கலாம். அதற்கும் ஐஎம்இஐ எண் வேண்டும். ஆகவே பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள்.