ஜிம்மை நிறுத்தியும் பணம் போகிறதா?

கூலாயில் நண்பர் ஒருவர் உடற்பயிற்சி மையச் சந்தாவை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. மாதம் பிறந்தால் 120 வெள்ளி மட்டும் அவர் வங்கிக் கணக்கிலிருந்து தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. "கவுண்டரில் சொல்லிவிட்டுத்தானே வந்தேன்?" என்கிறார்.

வாயால் சொன்னதுதான் சிக்கல். சந்தா வேறு, பணம் பிடித்துக்கொள்ள வங்கிக்குக் கொடுத்த அனுமதி வேறு. இரண்டையும் தனித்தனியே எழுத்து மூலம் ரத்து செய்யுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் என்றால் ஸ்கிரீன்ஷாட். கடன் அட்டையில் பிடித்திருந்தால், அட்டை தந்த வங்கியிடம் உடனே ஆட்சேபம் தெரிவியுங்கள். அதற்குக் கால வரம்பு உண்டு.

"ஓராண்டு ஒப்பந்தம், இடையில் நிறுத்த முடியாது" என்று மையம் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையைப் பயனீட்டாளருக்குத் தருகிறது. ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு, ஏற்கெனவே பெற்ற சேவைக்கும் திருப்பித் தராத பொருளுக்கும் உரிய பணம். இவற்றைத்தான் மையம் எடுத்துக்கொள்ளலாம்.

மீதியைத் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். மூன்றாண்டுக்குள், 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பும் வழக்கறிஞரோடு வந்து மிரட்ட முடியாது. அங்கே அவர்களுக்கு அனுமதி கிடையாது.

நண்பரிடம் வங்கி அறிக்கை இருக்கிறது, ரத்து செய்ததற்குச் சான்றுதான் இல்லை. இன்று முதல் வேலையாகக் கடிதம் எழுதுகிறார்.