கோபாலுக்கும் உண்டு பிள்ளையார் சுழி

“கோபால் படிக்கிறேன்” என்று 1988-இல் நான் சொன்னபோது, “எந்தக் கோபால்?” என்று கேட்டார் அம்மா. அது ஆளின் பெயரல்ல. வணிகக் கணக்குகளுக்கென்றே 1959-இல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கிய கணிப்பொறி மொழி. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் அது இன்றும் உழைக்கிறது.

சென்ற மாதம் அந்தக் கோபால் மறுபடியும் எங்கள் கரமனை வீட்டுக்கு வந்தார். டெக்னோபார்க்கில் பயிற்சிக்குச் சேர்ந்த என் தங்கை மகள், பி.காம். படித்தவள், கண் கலங்கி நின்றாள். “மாமா, முதல் வரியே தப்புங்குது. நாளைக்குத் தேர்வு. பேசாம வேலைய விட்டுரலாம்னு பாக்கேன்.”

“உன் தாத்தா சாலைக் கடையில் பேரேடு எழுதிய மாதிரிதான் இதுவும்” என்றேன். அவர் பிள்ளையார் சுழி போட்டு, கடையின் பெயரை எழுதாமல் கணக்கைத் தொடங்கமாட்டார். கோபாலிலும் முதலில் வருவது ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன். அதன்கீழ் புரோகிராம்-ஐடி என்று எழுதி, நிரலுக்கு ஒரு பெயர் சூட்ட வேண்டும். இரண்டாவது என்விரான்மென்ட் டிவிஷன்: எந்தக் கணிப்பொறி, எந்தக் கோப்புகள் என்ற விவரம். மூன்றாவது டேட்டா டிவிஷன்: எந்தத் தகவலுக்கு எத்தனை இலக்கம் என்ற அளவு. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியதால்தான் 2000 பிறக்குமுன் உலகமே பதறியது. கடைசியில் புரொசீஜர் டிவிஷன்: செய்ய வேண்டிய வேலை. இந்த வரிசை மாறக்கூடாது. ஒவ்வொரு தலைப்பின் முடிவிலும் முற்றுப்புள்ளி வேண்டும்.

அவள் எழுதியதைப் பார்த்தேன். வரிசை சரி, புள்ளியும் சரி. ஆனால் தலைப்பை ஓரத்திலேயே தொடங்கியிருந்தாள். பழைய முறைப்படி முதல் ஆறு கட்டங்கள் வரிசை எண்ணுக்கு உரியவை. துளை அட்டைகள் கீழே விழுந்து கலைந்தாலும் திரும்ப அடுக்குவதற்காக வந்த ஏற்பாடு அது. ஏழாவது கட்டம் குறியீட்டுக்கு. தலைப்பு தொடங்குவது எட்டாவதில். அவள் எழுதிய ‘ஐடென்டிஃபிகேஷன்’ என்ற சொல்லின் முதல் ஆறு ஆங்கில எழுத்துகளை எண்ணாக விழுங்கிவிட்டு, ஏழாவதான ‘எஃப்’பைக் கண்டு முழித்தது கணிப்பொறி!

ஏழு கட்டம் தள்ளி எழுதினாள். நிரல் ஓடியது, திரையில் அவள் பெயர் வந்தது. மறுநாள் மாலை தொலைபேசியில், “மாமா, பாஸ்!” என்றாள்.

தொடக்கத்திலேயே தடுக்கி விழும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கலாம். அறிவு போதவில்லை என்று அவர்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளுமுன், பக்கத்தில் உட்கார்ந்து கட்டத்தை எண்ணிப் பாருங்கள்.