எட்டு ஆசனங்களில் உடப்பு



இலங்கையின் சிறிய ஊரான உடப்பின் வாக்காளருக்குத் தனியொரு எம்.பி. கிடையாது. புத்தளம் தேர்தல் மாவட்டத்தின் எட்டு உறுப்பினர்களும் அவருக்குப் பொது. 1978 அரசியலமைப்பு கொண்டுவந்த விகிதாசார முறை, 1989 பொதுத் தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் கற்பிட்டியிலிருந்து வென்னப்புவ வரை ஒரே மாவட்டமாக வாக்குகளை எண்ணுகிறார்கள். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். வாக்குகள் ஐந்து வீதத்துக்குக் குறைந்தால் ஆசனம் ஒன்றுமில்லை.

விகிதாசார முறைக்கு முன்னும் பல அங்கத்தவர் தொகுதிகள் சில இருந்தன. சிறுபான்மையினரின் குரலும் சபைக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். 1977இல் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மலையகத் தமிழர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் வென்றார். மலையகத்துக்கு அது பெரிய வாசல்.

விகிதாசார முறையின் கீழும், புத்தளத்தில் 2020இல் முஸ்லிம் கட்சிகள் ஒரே சின்னத்தில் சேர்ந்து நின்று ஓர் ஆசனம் பெற்றன. உடப்புத் தமிழருக்கு அத்தனை வாக்குப் பலம் இல்லை. ஆனால் கட்சிக்கு வாக்களித்தபின் மூன்று வேட்பாளருக்கு விருப்பு வாக்கும் இடலாம். பலர் விருப்பு வாக்குக் கட்டங்களை வெறுமையாக விடுகிறார்கள். சிறிய ஊருக்கு விருப்பு வாக்குதான் பெரிய ஆயுதம். கட்சிக்குள் யார் பாராளுமன்றம் போவது என்பதை முடிவுசெய்வது அந்த வாக்குகள்தான்.