உங்களுக்குத் தெரியுமா? கதவைச் சாத்திய ‘நான்’

சங்க நூலான சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரை இடைக்கழிநாட்டு நல்லூரார் என்றே குறிப்பிடுவார்கள். மன்னன் நல்லியக்கோடனைப் புகழ எழுந்த அந்த 269 அடிகளில் ஒரு சமையலறைக் காட்சி வரும். கூரை சரிந்த அடுக்களை. கண் திறக்காத குட்டிகளுக்குக் கொடுக்கப் பால் இல்லாமல் குரைக்கும் நாய். குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைக்கிறாள் அந்த வீட்டுப் பெண். பிறர் பார்த்துவிடுவார்களே என்ற வெட்கத்தில் வாசலை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு கூடி உண்கிறாள்.

மானமும் போகவில்லை, பசியும் ஆறியது! உடலின் வேட்கைக்கும் ஊரின் கண்ணுக்கும் நடுவே சமரசம் பேசுவதே ‘நான்’ (ஈகோ) செய்யும் வேலை என்று உளவியலாளர் பிராய்ட் எழுதியது 1923-இல். சைவ சித்தாந்தமும் ‘நான்’ என்னும் அகங்காரத்தை வெறும் திமிராகக் காண்பதில்லை; மனம், புத்தி, சித்தம் ஆகியவற்றோடு அதுவும் ஓர் உட்கருவி.

சமரசம் முறிவதும் உண்டு. சோழன் சிறையில் தாமதமாக வந்த தண்ணீரைக் குடிக்க மறுத்தே சேரமான் கணைக்கால் இரும்பொறை இறந்தான் என்கிறது புறநானூறு 74-ஆம் பாட்டின் குறிப்பு. அரசனுக்குச் சாத்திக்கொள்ளக் கதவு இல்லை, காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.