கை வைத்தால் சுடாத உலை

எரிந்துகொண்டிருக்கும் டியூப் லைட்டைத் தொட்டுப் பாருங்கள். லேசாக வெதுவெதுக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே பாயும் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரியைத் தாண்டும். பிறகு ஏன் கை வேகவில்லை? கொதிப்பதெல்லாம் எலெக்ட்ரான்கள் மட்டும். அவை போய் மோதும் அணுக்களோ பல்லாயிரம் மடங்கு கனமானவை. ஈ மோதியா எருமைக்கு வலிக்கப்போகிறது? எலெக்ட்ரான்கள் மட்டும் கொதித்து, வாயு குளிர்ந்தே இருக்கும் இந்த நிலைக்குத்தான் குளிர் பிளாஸ்மா என்று பெயர்.

காற்றைச் சுத்தம் செய்யவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஏன்? பெயின்ட் அடிக்கும் கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியேறும் காற்றில் தின்னர் நெடி மூக்கைத் துளைக்கும். ஆனால் அந்த நெடிக்குக் காரணமான டொலுயீன், காற்றில் பல நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை எரித்து ஒழிக்க, மொத்தக் காற்றையும் 700 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். வெப்பத்தை மீட்டுக்கொள்ள வழி உண்டு என்றாலும், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

குளிர் பிளாஸ்மா காற்றைச் சூடாக்குவதில்லை. இதற்கான கருவியை 1857-லேயே ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் செய்துவிட்டார், ஓசோன் தயாரிப்பதற்காக. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள். மின்முனைகள் கண்ணாடிக்கு அந்தப்புறம், காற்று நடுவிலுள்ள குறுகிய சந்தில். உயர் அழுத்த மாறுமின்சாரம் கொடுத்தால் சந்தில் பொறி கிளம்பும். அது வளர்ந்து வெல்டிங் தீயாக மாறுவதற்குள் கண்ணாடி மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு அணைத்துவிடும். நொடியின் பல கோடிப் பங்கில் ஒன்றோ சிலவோதான் ஒரு பொறியின் ஆயுள். அதற்குள் எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனையும் நீராவியையும் உடைத்து, எதையும் கடித்துக் குதறும் துண்டுகளாக்கிவிடும். டொலுயீனைத் தின்பவை அந்தத் துண்டுகள்தான். முழுக்கத் தின்றால் மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும்.

முழுக்கத் தின்றால்தானே! அரைகுறையாகத் தின்றால் குழாய்ச் சுவரில் பழுப்பாகப் பிசின் படிகிறது. உலோகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் ட்ரைகுளோரோஎத்திலீன் இன்னும் மோசம். பிளாஸ்மாவில் சுலபமாக உடையும், ஆனால் உடைந்த துண்டுகளில் ஃபாஸ்ஜீனும் ஒன்று. முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற அதே வாயு. போதாததற்கு, காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். எலெக்ட்ரானுக்கு எது மாசு, எது காற்று என்று தெரியாது. அதனால் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து பிறக்கின்றன.

ஆகவே இப்போது பல இடங்களில் பிளாஸ்மாவைத் தனியாக விடுவதில்லை. பின்னாலேயே மாங்கனீஸ் டை ஆக்சைடு போன்ற வினையூக்கியை வைக்கிறார்கள். பழைய டார்ச் பேட்டரியை உடைத்தால் கையில் அப்புமே, அந்தக் கரும்பொடியில் இருக்கும் சரக்குதான். பிளாஸ்மாவில் பிறந்து மிஞ்சிய ஓசோனை அது உடைக்கும். உடையும்போது வரும் ஆக்சிஜன் மீதி டொலுயீனையும் ஒரு கை பார்க்கும். எனக்கு இந்தக் கூட்டணி பிடித்திருக்கிறது. ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு ஆயுதமாகிறது.

வீட்டுக்கு விற்கப்படும் ‘பிளாஸ்மா’ பெட்டிகள் வேறு கதை. அவற்றில் கவலையே ஓசோன்தான். கலிஃபோர்னியாவில் இத்தகைய கருவிகள் வெளிவிடும் ஓசோனுக்கு 0.050 பி.பி.எம். என்று சட்ட வரம்பே உண்டு. சமீபத்தில் ஒரு கடையில், “மழை விட்ட மாதிரி வாசனை வருது பாருங்க சார்” என்று பெட்டியை ஓடவிட்டுக் காட்டினார் விற்பனையாளர். வந்தது. அந்தக் காலத்து ஜெராக்ஸ் கடையிலும் இதே ஓசோன் வாசனைதான் வரும். ஓசோன் எவ்வளவு வெளிவிடும் என்று கேட்டேன். அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.